அரைவேலிக்குள் புகுந்த சரித்திரம்

திருப்பனந்தாளுக்குக் கிழக்கே,
காளயுக்தி வருஷம், தை மாதம் 18 (1979)

தஞ்சாவூரில் காலேஜ் வாத்தியாராக இருக்கும் மாப்பிள்ளை துரைராசு அவர்களுக்கு, கோவிந்தராசு அநேக ஆசீர்வாதம். இவ்விடம் நானும் உங்கள் அக்காள் தங்கம்மாளும் மாடு கன்றுகளும் சௌக்கியம். அவ்விடத்து சௌக்கியத்துக்கு எழுதவும் என்று வழக்கமாகக் கேட்பேன். இந்தத் தடவை கேட்கவில்லை. என் சௌக்கியத்தைக் கெடுத்தவரே நீங்கள்தான்.

நம் பண்ணையாள் மருதையன், மகள் அம்சவல்லியைக் காலேஜில் சேர்க்கவேண்டும் என்று தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றபோது உங்களைத்தானே யோசனை கேட்டேன்? சர்க்கார் சம்பளம் கொடுத்துப் படிக்க வைக்கிறது, தடுத்தால் கொடியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். படிக்கட்டும், ஆனால் வம்பில்லாத படிப்பாகப் படிக்கட்டும் என்றேன். கணக்குப் படித்தால் களத்தில் நெல் அளக்கும்போது பக்கத்தில் வந்து நிற்கும். டாக்டருக்குப் படித்தால் நாளைக்கு என் நாடியையே பிடிக்கும். "சரித்திரத்துல சேர்த்துடுங்க அத்தான், நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். எனக்கும் திருப்தியாக இருந்தது. சரித்திரம் என்றால் செத்துப்போன ராஜாக்கள் சமாசாரம், அவர்களில் ஒருத்தரும் எழுந்து வந்து எனக்கு எதிராகச் சாட்சி சொல்லப்போவதில்லை என்று நம்பி, சிபாரிசுக் கடிதம் வேறு கொடுத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது.

நில உச்சவரம்பைச் சர்க்கார் பதினைந்து ஏக்கராகக் குறைத்த வருஷம் ஊரில் எல்லாரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். வாய்க்கால் கரை அரைவேலி நிலத்தை, மூன்றேகால் ஏக்கர் சொச்சத்தை, மருதையன் பேருக்குக் கிரயம் செய்து, பத்திரத்தை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். உன் பேரில் ஒரு காகிதம் இருக்கிறது என்றேன், சரிங்க என்றான். விளைச்சல் பாட்டுக்கு நம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. இப்போது என் மகன் கண்ணுசாமி இன்ஜினியராகி, கல்யாணமாகித் தனிக்குடும்பமாக இருக்கிறான், அவன் நிலம் என் உச்சவரம்புக் கணக்கில் சேராது. சரி, நிலத்தை அவன் பேருக்கு மருதையனை எழுதிக் கொடுக்கச் சொல்லலாம் என்று பத்திரம் தயார் செய்து, போன திங்கட்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனோம். கண்ணுசாமி பத்திரத்தைப் புரட்டிப் பார்த்து, "நாலெல்லையும் அளவும் சரியா இருக்குப்பா" என்றான். அவன் படிப்பு அவ்வளவோடு தீர்ந்தது.

மருதையன் பெருவிரலை மையில் வைக்கிற நேரத்துக்கு, லீவுக்கு ஊருக்கு வந்திருந்த அம்சவல்லி அங்கே வந்து சேர்ந்தாள். "என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு வைங்கப்பா" என்று காகிதத்தை எடுத்து, ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தாள். 'எனக்குப் பாத்தியமாய் நான் ஆண்டு அனுபவித்து வருகிற நிலத்தை' என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "ஐயா, இது எங்கப்பா நிலம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அவருதுன்னா அவரு ஏன் கொடுக்கணும்? அவருது இல்லேன்னா எப்படிக் கொடுக்க முடியும்?" மரியாதையாகத்தான் கேட்டாள் மாப்பிள்ளை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. திமிராகக் கேட்டிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுக் காரியத்தை முடித்திருப்பேன்.

ரிஜிஸ்திரார், "என்னப்பா, உனக்குச் சம்மதந்தானே?" என்று மருதையனைக் கேட்டார். என்னிடம் ஆமாங்க, சரிங்க என்ற இரண்டு வார்த்தைகளிலேயே காலம் தள்ளியவன், "யோசிச்சுச் சொல்றேங்க" என்கிறான். இவன் எப்போது யோசிக்கக் கற்றுக்கொண்டான்? இவன் காலேஜுக்குப் போகவில்லையே. வீட்டில் ஒருத்தர் சரித்திரம் படித்தால் மற்றவர்களுக்கும் தொற்றும் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்களா? அதற்குள் வரிசையில் நின்ற உரக்கடை அப்துல் ஜலீல், "எனக்கும் இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா" என்று தன் பத்திரத்தை நீட்டுகிறார். அவர் பின்னால் இன்னும் நாலு பேர். வெள்ளிக்கிழமை வாங்க என்று எங்களை அனுப்பிவிட்டார்கள்.

படிப்பு என்றால் பாலம் கட்டவேண்டும், ஊசி போடவேண்டும். நீங்கள் வகுப்பில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று அவளையே கேட்டேன். "செப்பேடு, கல்வெட்டெல்லாம் படிக்க வைப்பாருங்க. எழுதினவரு எதுக்காக இப்படி எழுதினாருன்னு கேளுங்கம்பாருங்க" என்றாள். எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பேசாமல் போகக்கூடாதா? எதுக்காக எழுதினான்னு உங்களுக்கு என்னத்துக்கு? ராஜா காலத்துக் கல்லோடு இருக்கவேண்டிய கேள்வி என் பத்திரத்துக்கு வந்து நிற்கிறது. உங்கள் அக்காளைக் கேட்டால், "அந்தப் பொண்ணு கேட்டதுல என்ன தப்பு?" என்கிறாள்.

ஆகவே வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நீங்கள் கட்டாயம் வரவேண்டும். வாத்தியார் சொன்னால்தான் அவள் கேட்பாள். மருதையன் விரலை வைக்காவிட்டால் அரைவேலி கைவிட்டுப் போய்விடும். என் அப்பா வாங்கிய நிலம் மாப்பிள்ளை, சாப்பாடு இறங்கவில்லை.

குழந்தைகள் நூறு வயசு இருக்கட்டும். அவர்களை எதில் வேண்டுமானாலும் சேருங்கள், சரித்திரத்தில் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்
கோவிந்தராசு

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அக்காள், தம்பிக்கு என்ன எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தாகவேண்டும் என்று பிடுங்கிக்கொண்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, அதனால் அம்சவல்லியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் தன்னைக் குறை சொன்ன இடத்தைக்கூட விடாமல், குரல் மாறாமல் படித்ததை அறைக்குள் உட்கார்ந்து கேட்டேன். பிறகு மடித்து என் கையில் கொடுத்து, "ஒண்ணே ஒண்ணு கேக்கலாங்களா ஐயா? இத்தனை எழுதினதுல, அந்த நிலத்தை உழுதது யாருன்னு ஒரு வரி இல்லீங்களே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விட்டுப்போனதுதானே, சேர்த்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். காலையிலிருந்து பார்க்கிறேன், எங்கே சேர்த்தாலும் அதற்குக் கீழே எழுதியது எதுவும் நிற்கமாட்டேன் என்கிறது. அதனால் கடைசியில் எழுதுகிறேன். என் கல்யாணத்துக்கு முந்தின வருஷத்திலிருந்து அந்த அரைவேலியை உழுதவன் மருதையன். நான் அறுவடைக்கு அறுவடை வரப்பில் நின்றிருக்கிறேன், சேற்றில் இறங்கியதில்லை.

வெள்ளிக்கிழமை நீங்கள் வரவேண்டாம். நானும் போவதாக இல்லை.