துடைத்ததும் ஊதியதும்

ராஜவேல் ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். மோட்டார் போட்டான். தொட்டி நிறைந்ததும் நிறுத்தினான். நர்மதா ஏதோ சொன்னாள்; போனைப் பார்த்தபடி "ம்" என்றான். ஏழரைக்குத் தட்டின் முன் உட்கார்ந்தான். ஏழு ஐம்பதுக்குக் கீழப்பழுவூரில் அரியலூர் பஸ். கல்யாணமான நாலு மாதமாக இதில் மாற்றமில்லை.

இன்றைக்குப் பொங்கல், சட்னி.

நர்மதாவுக்கு முந்திரி ஆகாது. சொந்த முந்திரிக்காடு வைத்திருக்கும் குடும்பத்தில் மருமகள் இப்படிச் சொன்னால் மாமியார் என்ன செய்வாள்? புஷ்பவல்லி அதை நோயாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லைத் தகராறாக எடுத்துக்கொண்டாள்.

மூன்றாவது வாயில் நர்மதா உதட்டைத் தடவினாள். கழுத்தில் தடிப்புத் தடிப்பாக எழும்பியது.

"அத்தே, இதுல முந்திரி போட்டீங்களா?"

"பொங்கல்ல ஒண்ணு இருந்தா எடுத்துக் காட்டு பாப்போம்! சட்னியிலதான் ரெண்டே ரெண்டு அரைச்சேன். அரைச்சப்புறம் அது சட்னிதானே?"

நாக்குக்குத் தெரியாவிட்டால் உடம்புக்கும் தெரியாது என்பது புஷ்பவல்லி கண்ட விஞ்ஞானம்.

"இது காணாக்கடி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதோ கடிச்சிருக்கு. கொல்லையில செருப்பு போடாம நடந்தா கடிக்காம என்ன பண்ணும்?"

பூச்சியையும் பிடித்தாயிற்று, குற்றவாளியையும் பிடித்தாயிற்று. வெற்றிலையில் மிளகை மடித்து நர்மதாவின் வாயில் திணித்தாள். வெற்றிலை, மிளகு, பொங்கல் மூன்றும் வரிசையாக வெளியே வந்தன.

நர்மதா அலமாரியிலிருந்த தன் கைப்பையை எட்டிப் பிடித்தாள்.

பையைத் தூக்கிய மனைவி வேறு எங்கே போவாள்? "இதுக்கெல்லாமா பெரம்பலூருக்குக் கெளம்புவ? உங்கம்மா என்னைத்தான் கேக்கும்," என்று ராஜவேல் அதைப் பிடுங்கி, கைக்கெட்டாத உயரத்து ஆணியில் பத்திரமாக மாட்டினான்.

அவள் ஆணியைக் காட்டினாள். உதடு இரண்டு மடங்காகியிருந்தது. நாக்கு வாய்க்குள் திரும்ப இடமில்லை.

"துட… துட…"

"தொடைக்கச் சொல்லுதுடா," என்றார் அப்பா வேணுகோபால். காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை.

கம்பளி வந்தது. தடிப்பைக் கம்பளியால் துடைத்தால் அமுங்கும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், தடிப்புக்குத்தான் தெரியவில்லை. ராஜவேல் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட கணவனாக இரண்டு கையையும் துடைத்தான். தோல் வற்றல் மிளகாய் நிறத்துக்கு வந்தது.

"ஊதி… ஊதி…" என்றாள் நர்மதா. நெஞ்சு விசிலடித்தது.

"பாத்தியா! அதுவே கேக்குது. அமாவாசையண்ணனக் கூப்புடு, மந்திரிச்சு ஊதட்டும்," என்றாள் புஷ்பவல்லி.

எதிர்க் கடைக்காரர் அமாவாசை விபூதியோடு வந்தார். மூன்று முறை முணுமுணுத்து, முகத்துக்கு நேராக ஊதினார். சாம்பல் மொத்தமும் மூச்சுக்குழாயைத் தேடிப் போனது. நர்மதா இருமினாள். இருமுவதற்கும் காற்று போதவில்லை.

"ஊதி!" கையால் தரையை அடித்தாள்.

"பத்தலையாம். இன்னொரு தடவ ஊதுங்கண்ணே."

அமாவாசை ஊதவில்லை. அவளுடைய உதட்டையே பார்த்தார். அது நீலமாகிக் கொண்டிருந்தது.

"தம்பி, இது நம்ம கடி இல்ல. நூத்தியெட்டுக்குப் போடு."

"நீங்களே இப்புடிச் சொன்னா எப்புடிண்ணே?" என்றாள் புஷ்பவல்லி.

"நான் சொல்றதாலதான் போடுங்கறேன்."

ராஜவேல் போட்டான். வண்டி வருவதற்குள், நடந்தால் விஷம் இறங்கும் என்று புஷ்பவல்லி மருமகளை எழுப்பி நிறுத்தினாள். நாலாவது அடியில் நர்மதா சரிந்தாள். அப்போதுதான் ராஜவேலுக்கு பஸ் மறந்துபோனது. "நர்மதா, நர்மதா" என்றான். நாலு மாதத்தில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

ஆம்புலன்ஸிலிருந்து சிந்து என்ற பெண் குதித்து வந்தாள்.

"யாரு நிக்க வச்சது? படுக்க வைங்க! காலத் தூக்கிப் புடிங்க சார்."

சேலையை ஒதுக்கி, தொடையின் பக்கவாட்டில் ஊசியைக் குத்தினாள். ஆக்சிஜன் வைத்தாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் நர்மதா கண் திறந்தாள். நீலம் போயிருந்தது. ராஜவேலின் போனில் அம்மா.

"முழிச்சுட்டாளா? வெத்தல சாறு எறங்கக் கொஞ்ச நேரம் ஆவும்னு எனக்குத் தெரியும்டா."

"அப்ப எறங்கிறலாமா மேடம்?" என்றான்.

"வீக்கம் திரும்பவும் வரலாம் சார். ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்துதான் விடுவாங்க. ஆதார் இருக்கா?"

கிளம்பும் அவசரத்தில் அப்பா ஆணியிலிருந்து எடுத்துக் கையில் திணித்த நர்மதாவின் கைப்பை மடியில் இருந்தது. திறந்தான். ஆதாருக்கு மேலே ஒரு சின்ன டப்பா. உள்ளே ஊசி, மருந்து, போன வாரத் தேதியிட்ட டாக்டர் சீட்டு.

சிந்து அதை வாங்கிப் பார்த்தாள். "நான் இப்பப் போட்ட மருந்து சார் இது. இத வூட்டுலயே வச்சுக்கிட்டு என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"

ராஜவேலுக்குக் கோபம் வந்தது. "இதப் பத்தி அவ வாயே தொறக்கல மேடம். துடைன்னா, துடைச்சோம். ஊதுன்னா, ஊதுனோம். அவ கேட்டதுல ஒண்ணு கொறை வைக்கல."

நர்மதா முகமூடியை விலக்கினாள். நாக்கு பழைய அளவுக்கு வந்திருந்தது.

"'தொடையில ஊசி'ன்னேன்."