ஐந்தாவது தலைமையாசிரியரின் மீசை

ஐந்தாவது தலைமையாசிரியரின் முகம் கண்ணாடியோடு போய்விட்டது. கோட்டும் டையும் மட்டும் காகிதத்தில் மிஞ்சின.

துணைத் தலைமையாசிரியர் நிஷிகோரி ஈரக் கையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். திங்கட்கிழமை காலை. முதல் மணி இன்னும் அடிக்கவில்லை. அந்த வாரத்துக்கு வேண்டிய களைப்பு முழுவதும் அதற்குள் அவருக்கு வந்துவிட்டது.

நடந்தது இதுதான். பல் பாதுகாப்பில் மாவட்டத்திலேயே சிறந்த தொடக்கப்பள்ளி என்று அவர்கள் பள்ளிக்கு ஒரு சான்றிதழ் வந்திருந்தது. அதைத் தலைமையாசிரியர் அறையில் மாட்ட அவர் ஆணி அடித்தார். அடித்த அதிர்வில், மேலே வரிசையாகத் தொங்கிய முன்னாள் தலைமையாசிரியர்களில் ஐந்தாமவர் கழன்று, கீழேயிருந்த தங்கமீன் தொட்டிக்குள் விழுந்தார். முதல் வகுப்பின் அறைத் தரைக்கு மெழுகு போடுவதால் மீன்கள் இங்கே விருந்தாளிகளாக வந்திருந்தன. நனைந்த படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. காய்வதற்குள் பிரித்துவிட வேண்டும் என்று பதறி நிஷிகோரி பிரித்தார். பிறகு, கண்ணாடியில் ஒட்டிய முகத்தையாவது மீட்கலாம் என்று கத்தியால் சுரண்டினார். முகம் பொடியாக உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது. தங்கமீன்கள் கூடி வந்து அதைத் தின்றன.

வேறு யார் படம் விழுந்திருந்தாலும் சமாளித்திருக்கலாம். இது குஸுமி தெய்ஸோவின் படம். குஸுமி குடும்பம் அந்தக் கடலோர ஊரில் தலை நிமிர்ந்து வாழ்ந்த குடும்பம். பிறர் குறையைச் சொல்லி அவர்கள் வாய் திறந்ததாக ஊரில் ஒருவரும் சொல்ல முடியாது. தெய்ஸோவின் மகள் ஷிஸுயே அம்மையாருக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. முதுகு இன்னும் வளையவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பள்ளியின் நிறுவன நாளன்று கறுப்புக் கிமோனோவில் வருவார். தந்தையின் படத்துக்கு முன்னால் நெடுநேரம் குனிந்து வணங்குவார். ஒரு சொல் பேசாமல் போய்விடுவார். அந்த மௌனத்தைப் பார்த்தே இளம் ஆசிரியர்கள் கண் கலங்கியதுண்டு.

நிறுவன நாள் வரும் சனிக்கிழமை.

நிஷிகோரிக்கு இன்னொரு கவலையும் இருந்தது. தலைமையாசிரியர் தொகாவா வசந்தத்தில் ஓய்வு பெறுகிறார். படங்களின் வரிசையில் கடைசியாக அவருக்கென ஓர் ஆணி காத்திருந்தது. அதற்கு அடுத்த வெற்றிடத்தைத்தான் நிஷிகோரி ஆண்டுக்கணக்காகத் தினமும் காலையில் துடைத்துவந்தார். இந்த வாரம் ஒரு கறையும் இல்லாமல் முடிந்தால் அடுத்த தலைமையாசிரியர் பதவிக்கு அவருடைய பெயரை மேலிடத்துக்கு எழுதுவதாகத் தொகாவா சொல்லியிருந்தார்.

தொகாவா உள்ளே வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"குஸுமி சார் படம் எங்கே?"

"சட்டம் மங்கிக் கெடந்துச்சு சார். சனிக்கிழமைக்குள்ள பளபளன்னு ஆக்கிடலாம்னு கழட்டினேன்."

"நல்ல காரியம். ஆனா அதுவரைக்கும் சுவரு பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கே. நாளைக்குக் கல்வி அலுவலகத்துலேருந்து வர்றாங்க."

வேறு வழி தெரியாமல் நிஷிகோரி அந்த இடைவெளியில் பல் சான்றிதழை மாட்டினார். மறுநாள் வகுப்புகளைப் பார்வையிட வந்த அதிகாரி, முறை தவறாதவர். முன்னாள் தலைமையாசிரியர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தலை வணங்கினார். பல் சான்றிதழுக்கும் வணங்கினார்.

அன்று மாலை நிஷிகோரி புகைப்படக் கடைக்குப் போனார். கடைக்காரர் எதையும் வெளியே சொல்லாதவர். கோட்டையும் டையையும் வாங்கிப் பார்த்துவிட்டு, முகத்துக்கு வேறொரு படம் கொண்டுவந்தால் ஒட்டுப் போட்டுத் தருவதாகச் சொன்னார். ஆனால் பழைய ஆல்பங்களைப் பல ஆண்டுகளுக்கு முன் வந்த வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அதன் பிறகுதான் சுவரிலிருந்த படங்களையும் அங்கும் இங்கும் தேடிச் சேர்த்துப் புதுச் சட்டம் போட்டார்கள். தப்பிய ஒரே குழுப்படத்தில் குஸுமியின் தலை எள்ளளவு இருந்தது. கடைக்காரர் அதைப் பெரிதாக்கினார். கொழுக்கட்டைக்குக் கண் வைத்தது போல் வந்தது.

"நீங்க தெனம் துடைக்கிற படம்தானே சார்? மொகம் எப்படி இருக்கும்னு சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி செஞ்சிரலாம்" என்றார் கடைக்காரர்.

நிஷிகோரி யோசித்தார். கண்ணாடியில் தூசி இருக்கிறதா என்று தினமும் பார்த்திருக்கிறார். உள்ளே இருந்தவரை ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஷிஸுயே அம்மையாரிடம் படம் கேட்கலாம். கேட்டால் விஷயம் வெளியே வரும். தந்தையின் முகத்தைத் தங்கமீன் தின்றது என்பதை ஒரு மகளிடம் எந்த மரியாதைச் சொல்லில் சொல்வது? அவருக்குத் தெரிந்த மரியாதைச் சொற்கள் எதுவும் அதற்குப் போதவில்லை.

எனவே ஊர்ப் பெரியவர்களிடம் சுற்றி வளைத்துக் கேட்டார். ஏன் கேட்கிறார் என்று யாரும் சந்தேகப்படக் கூடாது என்பதற்காக, 'நம் பள்ளியின் முன்னாள் தலைமையாசிரியர்கள்' என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆராய்ச்சி செய்வதாக ஒரு பொய் சொன்னார். தோஃபு கடைக்காரர், குஸுமி சாருக்கு உதட்டை மறைக்கும் மீசை உண்டு என்றார். பக்கத்திலிருந்த முடிதிருத்துபவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்கப்பாதான் அவருக்குச் சவரம் பண்ணுவாரு. மீசையா? ஒரு முடி விடமாட்டாரு அந்த மனுஷன்."

"உங்கப்பா பண்ணினது ஆறாவது ஹெச்.எம்.முக்கு."

"அப்ப நீ தோஃபு வித்தது யாருக்கு? ஏழாவது ஹெச்.எம்.முக்கா?"

இருவரும் அதன் பிறகு அந்த வாரம் முழுவதும் பேசிக்கொள்ளவில்லை. மீன்பிடிக் கூட்டுறவின் தலைவர், குஸுமி குண்டு என்றார். அவர் மனைவி, காற்றடித்தால் சாய்ந்துவிடும் உடம்பு என்றார். ஒருவருக்கும் சந்தேகம் என்பதே இல்லை.

பொய் மட்டும் நன்றாக வேர் பிடித்தது. புதன்கிழமை மூன்றாம் வகுப்பு ஆசிரியை வந்து, ஆராய்ச்சி யோசனைக்கு நன்றி சொன்னார். பிள்ளைகள் உற்சாகமாக இருக்கிறார்களாம். சனிக்கிழமை விருந்தினர் முன்னிலையில், படங்களுக்குக் கீழே நின்றபடியே வாசிக்கப்போகிறார்களாம். தொகாவாவும் சம்மதித்துவிட்டாராம்.

நிஷிகோரி தன் மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டார். வாசலில் விருந்தினர் செருப்புகளை நேராக்க வேண்டியிருந்தது. இரண்டாம் வகுப்பின் சர்க்கரைவள்ளிக் கிழங்குத் தோட்டத்தைக் காட்டுப்பன்றி கிளறியிருந்தது. பாடல் குழு மாகாணப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியிருந்ததால் பதாகை எழுத வேண்டும். ஒற்றைச் சக்கர சைக்கிள் அணியில் ஒரு சிறுமி விழுந்து முழங்கை சிராய்த்ததில் அவளுடைய தாய்க்குத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இவை எல்லாம் துணைத் தலைமையாசிரியரின் வேலை. வெற்றிகள் பள்ளிக்கு வரும். அவற்றுக்கு ஆணி அடிக்கும் வேலை இவருக்கு வரும்.

கடைசியில் ஓவிய ஆசிரியை ஒரிதோவிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். அவர் இளவயதுக்காரர். சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். அதற்காகவே நிஷிகோரி அவரை வாழ்நாள் முழுவதும் மதிக்கலாம்.

"யாரோ ஒருத்தர் மொகம் வேணும் சார். வெளியாளைக் கேட்டா பேச்சு வெளியே போகும்."

"அப்ப?"

"நீங்கதான் இருக்கீங்க."

"என்னை எல்லாருக்கும் தெரியுமே டீச்சர்."

"மீசை வெச்சிரலாம். பாதி மொகம் மறைஞ்சிடும். தோஃபு கடைக்காரரும் சந்தோஷப்படுவாரு."

வியாழக்கிழமை பிள்ளைகள் போன பின், ஓவிய அறையில் நிஷிகோரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுத்துப் பயிற்சிக்கு வைத்திருந்த மையில் தூரிகையைத் தோய்த்து ஒரிதோ அவர் உதட்டின் மேல் கனத்த மீசை வரைந்தார். புகைப்படக் கடைக்காரர் படம் எடுத்து, பழுப்பேற்றி, அசல் கோட்டுக்கும் டைக்கும் மேலே அந்த முகத்தைப் பொருத்தினார். வேலை அருமையாக வந்தது. ஊருக்குச் சேவை செய்தே தேய்ந்த ஒரு பழைய மனிதர் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தார்.

மீசைதான் போகவில்லை. அந்த மை சட்டையில் பட்டால் போகாது என்று பிள்ளைகளிடம் ஆண்டுதோறும் எச்சரிப்பவர் அவரேதான். தோலிலும் போகவில்லை. சோப்பு, எலுமிச்சை, பாத்திரம் துலக்கும் நார் எல்லாம் பார்த்தாயிற்று. கறுப்பு சாம்பல் நிறமாயிற்று. சாம்பல் அப்படியே நின்றது.

வெள்ளிக்கிழமை முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்தார். சளி என்றார். உடனே ஆளாளுக்கு இருமல் மிட்டாய் கொடுத்தார்கள். முதல் வகுப்பு ஆசிரியை, பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும் என்று அவரை வகுப்புப் பக்கம் வரவேண்டாம் என்றார். தொகாவா அவரிடமிருந்து இரண்டு எட்டு தள்ளி நின்றபடி புதிய படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"பளபளன்னு ஆயிருச்சு. பார்த்தீங்களா, அந்தக் காலத்து ஆளுங்க மொகத்துல ஒரு உறுதி இருக்கு. இப்ப இருக்கிற வாத்தியாருங்ககிட்ட எங்கே அது?"

நிஷிகோரி முகக்கவசத்துக்குள் ஆமாம் என்றார்.

"நாளைக்கு ஷிஸுயே அம்மா பக்கத்துல நீங்களே இருங்க. தொண்டை கட்டியிருந்தா பரவாயில்லை. அவங்களும் பேசமாட்டாங்க."

சனிக்கிழமை வெயில் அடித்தது. பாடல் குழு பாடியது. ஒற்றைச் சக்கர சைக்கிள்கள் ஒன்றுகூடச் சாயாமல் மைதானத்தைச் சுற்றின. பல் சான்றிதழ் மேடையில் எல்லாருக்கும் காட்டப்பட்டது. பிறகு விருந்தினர்கள் தலைமையாசிரியர் அறைக்கு வந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படங்களுக்குக் கீழே வரிசையாக நின்று வாசித்தார்கள். ஐந்தாமவர் முறை வந்ததும், "குஸுமி சாருக்குப் பெரிய மீசை உண்டு" என்றார்கள். தோஃபு கடைக்காரர் முடிதிருத்துபவரைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போது தங்கமீனுக்குத் தீனி போட வந்திருந்த முதல் வகுப்புச் சிறுமி சுஸு தலையை உயர்த்தினாள்.

"அது நிஷிகோரி சாரு."

நிஷிகோரி இருமினார். வராத இருமலை வரவழைத்து நெடுநேரம் இருமினார்.

"எல்லா ஹெச்.எம்.மும் ஒரே மாதிரிதாம்மா இருப்போம்" என்றார் தொகாவா. "வேலை அப்படி."

விருந்தினர்கள் சிரித்தார்கள். சுஸு சிரிக்கவில்லை. நிஷிகோரியின் கண்களையும் படத்தின் கண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெரியவர்களோடு இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்பதுபோல் மீன்களிடம் திரும்பினாள்.

கூட்டம் கலைந்தது. ஷிஸுயே அம்மையார் மட்டும் நின்றார். கறுப்புக் கிமோனோவின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு ஐந்தாவது படத்தின் முன்னால் வந்தார். நிமிர்ந்து பார்த்தார். வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பார்த்தார். பிறகு குனிந்தார். நிஷிகோரியும் பக்கத்தில் குனிந்தார். அம்மையார் நிமிர்வதாக இல்லை. இவர் முதுகு வலித்தது. ஒரு வாரத்துக் களைப்பும் இடுப்பில் வந்து உட்கார்ந்தது. தன் படத்துக்குத் தானே வணங்கும் மனிதன் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது என்று அவர் நினைத்தார்.

ஒருவழியாக அம்மையார் நிமிர்ந்தார். கண்கள் ஈரமாக இருந்தன. ஒன்றும் சொல்லவில்லை. நிஷிகோரிக்கு உயிர் வந்தது. விருந்தினரை வழியனுப்பப் புறப்பட்ட தொகாவா, வாசலில் நின்று அவர் காதோடு, "ஒரு கறை இல்லை. இன்னைக்கே எழுதிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரிதோ தேநீரும் பயறுப் பூரணம் வைத்த இனிப்பும் கொண்டுவந்து வைத்தார். அம்மையார் உட்கார்ந்தார். தன் கோப்பையைத் தொடவில்லை. எதிரில் இருப்பவர் குடிக்காமல் தான் குடிப்பது அவர் வளர்ந்த வீட்டில் வழக்கமில்லை.

"ஆறிடும்" என்றார்.

அத்தனை ஆண்டுகளில் அவர் அந்த அறையில் பேசிய முதல் சொல் அதுதான். நிஷிகோரி தொண்டையைத் தொட்டுக்காட்டிச் சளி என்று சைகை செய்தார்.

"சளிக்குச் சூடா குடிச்சா நல்லது. குடிங்க."

பெரிய மனுஷி இருமுறை சொன்ன பிறகு மறுப்பது மரியாதை இல்லை. நிஷிகோரி சுவர்ப் பக்கம் திரும்பி, முகக்கவசத்தைக் கீழே இறக்கி, ஒரு மடக்குக் குடித்தார். தேநீர் கொதித்தது. நாக்கு சுட்டு அவர் சட்டென்று இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

அம்மையார் அவர் உதட்டின் மேலிருந்த சாம்பல் மீசையைப் பார்த்தார். சுவரிலிருந்த கறுப்பு மீசையைப் பார்த்தார். மறுபடியும் இவரைப் பார்த்தார்.

நிஷிகோரி கோப்பையை வைத்தார். எழுந்து தரையில் மண்டியிட்டு நெற்றி தரையில் பட வணங்கினார். தங்கமீன், கத்தி, கொழுக்கட்டை, மீசை எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே சொன்னார். குஸுமி குடும்பத்தின் மானத்தைத் தான் தண்ணீரில் போட்டுவிட்டதாகச் சொன்னார். தன் பெயரை மேலிடத்துக்கு எழுத வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் தானே போய்ச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

மேலே பீங்கான் கோப்பை மெல்லத் தட்டில் வைக்கப்படும் ஓசை கேட்டது.

"எந்திரிங்க சார். வெள்ளத்துக்கப்புறம் அங்க யாரைக் கொண்டுவந்து மாட்டினாங்களோ, சொன்னா பள்ளிக்கூடத்துக்குக் கேவலம்னு இத்தனை வருஷமா முன்னப்பின்ன தெரியாத மனுஷனை எங்கப்பான்னு வணங்கிட்டிருந்தோம்; நீங்களாவது தெரிஞ்ச மொகம்."