மீன்கொத்தியாரின் நேர்த்தித் தடி

ஒரு குருவியின் கண்ணுக்காகத் தன் இரண்டு கண்ணும் பூத்துப்போகக் காத்திருந்த மனிதர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே ஒருவர்தான். தொண்டைமானாற்றில் ஸ்டூடியோ வைத்திருந்த அவரை நாங்கள் மீன்கொத்தியார் என்போம். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

கலியாண வீட்டில் படம் எடுக்கும்போது அவருக்குக் கொட்டாவி வரும். "மனிசர் நில்லெண்டால் நிப்பினம். அதிலை என்ன வித்தை கிடக்கு?" என்பார். மீன்கொத்தி தண்ணீரில் பாய்ந்து மீனோடு மேலே வரும் கணத்தை, அதன் கண் ஊசிமுனையாய்த் தெளிய, ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும். அதுதான் அவருடைய ஆசை. ஆனால் லென்சைத் திருப்பித் தூரம் பிடிப்பதற்குள் குருவி பருத்தித்துறைக்குப் போய்விடும். கடைச் சுவர் முழுக்க வெறும் தண்ணீர்ப் படங்கள்.

"இதிலை குருவி எங்கை அண்ணை?"

"இப்பதான் பறந்து போட்டுது."

அது எழுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டுச் சாமான் வராமல் நின்ற காலம். அவருடைய கமராவில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு படத்துக்கான பிலிம். அடுத்த சுருள் எப்போது வருமென்று முருகனுக்குத்தான் தெரியும்.

ஆகவே அவர் ஒரு உபாயம் செய்தார். ஆற்றங்கரைச் சந்நிதி முருகன் கோயில் படித்துறைக்கு முன்னால் தண்ணீரில் ஒரு பூவரசந்தடியை நட்டார். அதில் மஞ்சள் நூல் கட்டி, தன் வள்ளம் வரைக்கும் பிடித்துத் தூரம் அளந்து, லென்சை அந்த அளவில் வைத்துப் பிளாஸ்டர் ஒட்டிவிட்டார். குருவி தடிக்கு வந்தால் போதும், பொத்தானை அமத்த வேண்டியதுதான். வள்ளத்தில் தென்னோலைக் கிடுகைப் போர்த்துக்கொண்டு பத்து நாள் கிடந்தார். குருவியும் பழகி, தடியில் வந்து குந்தத் தொடங்கியது.

இதொன்றும் எனக்குத் தெரியாது. பதினோராம் நாள் காலையில், அவர் வள்ளத்துக்கு வருமுன்பே, சந்நிதியானைக் கும்பிட முன் ஆற்றில் முழுகி எழுந்தால், எதிரே ஒரு தடி! அதில் மஞ்சள் நூல்! யாரோ நேர்த்தி வைத்து நட்டது என்று நினைத்து, பக்தியோடு திருநீறு பூசி ஒரு செம்பரத்தம்பூவும் செருகினேன். மறுநாள் ஐந்து மாலை விழுந்தது. வெள்ளிக்கிழமை கரையில் பொங்கல் பானையே ஏறிவிட்டது. குருவி அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

கிடுகைத் தூக்கி எறிந்துவிட்டு மீன்கொத்தியார் எழுந்தார். "ஆர் உந்த வேலை பாத்தது?"

"நான்தான் அண்ணை. நேர்த்தித் தடியெண்டு நினைச்சுப்போட்டன்."

"ஓமடா, நேர்த்திதான்! என்ரை நேர்த்தி!" என்று தடியைப் பிடுங்கப் போனார்.

"தம்பி, அதிலை மட்டும் கை வைச்சுப் பார்!" என்று அகப்பையோடு எழும்பினார் பானையடியில் பொங்கிக்கொண்டிருந்த ஆச்சி.

மீன்கொத்தியார் என்னைப் பார்த்தார். அழுதுவிடுவார் போலிருந்தது. "நாளைக்கு விடிய நீ வந்து சனத்தை மறி. ஒரு படம், ஒரேயொரு படம்!"

விடிந்ததும் கரையில் நின்று இரண்டு கையையும் விரித்து மறித்தேன். "கொஞ்சம் பொறுங்கோ, சத்தம் போடாதையுங்கோ." வந்தவர்கள் ஏதோ அற்புதம் நடக்கப்போகிறதென்று கைகூப்பி நின்றார்கள். ஆச்சிகூட மூச்சு விடவில்லை.

வந்தது குருவி! தடியில் குந்தியது. பாய்ந்தது. தண்ணீர் சிதற மீனோடு எழுந்து, மாலைகளுக்கு மேலே வந்து சிறகு விரித்தது. டிக்!

"படம் விழுந்துதோ அண்ணை?"

"கழுவினாத்தான் தெரியும்."

கழுவப் பயந்து மூன்று நாள் திரிந்தார். நாலாம் நாள் ஈரம் சொட்டும் படத்தோடு என் வீட்டுக்கு ஓடி வந்தார். "பாரடா! கண்ணைப் பாரடா! கண்ணுக்குள்ளை சூரியன் நிக்குது!"

உண்மைதான். ஒவ்வொரு துளியும் எண்ணலாம் போலிருந்தது. ஆனால் குருவிக்குப் பின்னால், புகை மாதிரிக் கலங்கி, தோட்டத்தில் காகம் கலைக்கிற வெருளிபோல் கை விரித்தபடி நான்.

"என்னை வெட்டிப்போட்டுப் பெரிசாக்குங்கோ அண்ணை. குருவியின்ரை வடிவு கெடுது."

"விசரே உனக்கு? நீ மறிச்சிராட்டிக் குருவி ஏது?"

அப்படியே பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டினார். பார்க்கிறவர்கள் எல்லாரும், "பின்னாலை நிக்கிற உந்தக் கலங்கல் ஆர்?" என்று கேட்பார்கள்.

"அது என்ரை ஆள்" என்பார்.

அதைக் கேட்பதற்காகவே, புதுமுகம் யாராவது கடைக்குள் நுழைந்தால் நானும் பின்னால் போய் நிற்பேன்.