ஈ-க்கு அன்று விடுமுறை

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் மெத்தையார் ஒரு முடிவு எடுத்தார். சாதாரண முடிவு இல்லை. கை கழுவி, துண்டில் துடைத்து, கூடத்தின் நடுவில் வந்து நின்று எடுத்த முடிவு.

"இன்னையிலேர்ந்து நான் மாணவன்."

அவர் மனைவி தையல் மெஷினில் யாருடைய பேண்ட்டையோ குட்டையாக்கிக்கொண்டிருந்தாள். மெஷின் நிற்கவில்லை. அவர் அம்மா ஜன்னலோரத்து நாற்காலியில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். ஊசியும் நிற்கவில்லை. தவழ்கிற குழந்தை மட்டும் நிமிர்ந்து பார்த்தது. அதுவும் அவர் தோளில் கிடந்த துண்டைத்தான் பார்த்தது.

மெத்தையார் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். அவர் மெத்தைக் கடையில் விற்பனையாளர். வாங்க வருகிறவர்களுக்கு மெத்தையின் சுகத்தை வாயால் சொன்னால் போதாது, படுத்துக் காட்ட வேண்டும். வருஷக்கணக்காகப் படுத்துக் காட்டியதில் உடம்பு அதற்கே பழகிவிட்டது. நின்றால் சாய்வார். சாய்ந்தால் படுப்பார். படுத்தால் தூங்குவார். தூங்கிச் சம்பாதிக்கிற ஒரே ஆள் என் பிள்ளைதான் என்று அம்மா சொல்வாள். பெருமையாகச் சொல்கிறாளா என்று யாருக்கும் தெரியாது.

பக்கத்தில் ஒரு மாலைக் கல்லூரி வந்திருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் படித்துப் பட்டம் வாங்கலாம். சேர்வதற்கு ஒரு நுழைவுத் தேர்வு. அதில் பாதிக்கு மேல் தர்க்கக் கேள்விகள். பட்டம் இருந்தால் மேலாளர் ஆகலாம், மேலாளருக்கு நாற்காலி உண்டு என்று முதலாளி வாயை விட்டிருந்தார். மெத்தையார் அதற்காகவே தலையணை கனத்தில் ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கிவிட்டார்.

"மாணவன்னா என்னங்க அர்த்தம்?" என்றாள் மனைவி.

"நான் படிக்கிற நேரத்துல என்னைக் கூப்பிடக் கூடாது. குப்பை கொட்ட, துணி காயப்போட, குழந்தைய தூக்க, எதுக்கும்."

"படிக்கிற நேரம் எது?"

"நான் வீட்ல இருக்கிற நேரம்."

"அப்ளிகேஷன் போட்டாச்சாடா?" என்றாள் அம்மா.

"அதெல்லாம் எப்பவோ போட்டாச்சும்மா."

போடவில்லை. நாளைக்குப் போடலாம் என்று வைத்திருந்தார்.

மெஷின் நின்றது. மனைவி நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, பேண்ட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "நானும் அந்தத் தேர்வ எழுதலாம்னு இருக்கேன்."

கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட படிப்பு அவளுடையது. திரும்பப் படிக்கிறாயா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. இன்றைக்குத்தான் சொன்னாள்.

மெத்தையார் பெருந்தன்மையாகச் சிரித்தார். "தாராளமா எழுது. யாரு வேணாங்கறது? ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. தேர்வு அன்னிக்குக் குழந்தைய யாரு பாத்துக்கறது? அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. தவழ்ந்து ஓடுற குழந்தைய எட்டிப் பிடிக்க முடியாது."

மனைவி யோசித்தாள். பிறகு மெஷின் மறுபடி ஓடியது. அந்தக் கேள்விக்கு விடை கிடையாது என்று மெத்தையாருக்குத் தெரியும். அதனால்தான் அதைக் கேட்டார்.

உள்ளே போனார். கதவைச் சாத்தினார். புத்தகத்தைத் திறந்து மார்பின் மேல் வைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் புத்தகம் ஏறி இறங்க ஆரம்பித்தது.

இப்படியே சில வாரம் படித்தார். குப்பை சேர்ந்தது. படிப்பின் சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி போய்விட்டது என்பதை, கடையில் மெத்தை பார்க்க வந்த ஒருவர் பக்கத்தில் படுத்துக்கொண்டே சொன்னார். மெத்தையார் ஒன்றும் கலங்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அதுவும் நல்லதுதான். இனிமேல் தேர்வு பயம் இல்லாமல் நிம்மதியாகப் படிக்கலாம். தேர்வு அன்று காலையில் காய்ச்சல் வந்துவிடும். காய்ச்சல் வந்தால் மனுஷன் என்ன செய்ய முடியும்?

மனைவி ஒரு நாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, நீங்க தனியா படிச்சா கண்ணு சொக்குது. நான் கேள்விய வாசிக்கறேன், நீங்க விடை சொல்லுங்க. வேகம் வரும்."

மெத்தையாருக்கு இது பிடித்தது. படிப்பதைவிடப் படித்தவராகத் தெரிவது சுலபம். அன்று முதல் தினமும் சாயங்காலம் கூடத்தில் பாடம் நடந்தது. அவர் சோபாவில் நீட்டிப் படுத்துக்கொண்டார். மனைவி ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு, மெஷின் மேல் புத்தகத்தை விரித்தாள்.

"மொதல்ல விதிய தெரிஞ்சுக்கோ," என்று விரலை நீட்டினார் மெத்தையார். "கேள்விக்குள்ள என்ன இருக்கோ அதை மட்டும்தான் பாக்கணும். சொந்த விருப்பு வெறுப்பை உள்ள கொண்டுவரக் கூடாது. விடை வந்துட்டா அதோட சண்டை போடக் கூடாது."

"சரிங்க. எல்லாப் பூனைகளும் மேசைகள். எல்லா மேசைகளும் மழையில் நனையும். எனில்?"

"எனில் எல்லாப் பூனைகளும் மழையில் நனையும்."

"பூனை எப்படிங்க மேசையாகும்?"

"அதைக் கேக்கக் கூடாது."

"ரெண்டுக்கும் நாலு கால் இருக்கறதாலயா?"

"இல்லம்மா. அவன் சொல்லிட்டான்ல. சொன்னா நம்பணும். நம்பிட்டு மேல போகணும். அதுக்குப் பேருதான் தர்க்கம்."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து அவ அதைத்தானடா பண்ணிட்டிருக்கா," என்றாள் அம்மா, கண்ணிகளை எண்ணிக்கொண்டே.

"அடுத்தது. சில அறிவாளிகள் சோம்பேறிகள். இவர் அறிவாளி. எனவே இவர் சோம்பேறி. சரியா, தப்பா?"

"தப்பு. சுத்தத் தப்பு," என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"புத்தகமும் தப்புன்னுதான் போட்டிருக்கு."

"புத்தகம் இவனைப் பாத்ததில்ல," என்றாள் அம்மா.

நாளாக ஆகக் கேள்விகள் கனத்தன. வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். ஒருவர் மற்றவருக்கு இடப்பக்கம், இன்னொருவர் எதிர்ப்பக்கம். மெத்தையார் அவர்களைப் படுக்கவைத்தே யோசித்தார். விடை தவறியது. அச்சுப் பிழை என்றார். மறுநாளும் தவறியது. அதே அச்சகம் என்றார். கேள்வியை வாசித்து முடித்ததும் மனைவியின் உதடு ஒரு தடவை அசையும். பிறகு ஊசியில் நூல் கோக்கப் போய்விடுவாள். மெத்தையார் வெகுநேரம் கழித்துச் சொல்லும் விடைக்குத் தலையை ஆட்டுவாள், அல்லது ஆட்டமாட்டாள்.

"நுழைவுச்சீட்டு வந்துடுச்சாங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"வரும், வரும்."

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம். மெத்தையார் காலையிலிருந்தே லேசாக இருமிப் பழகிக்கொண்டிருந்தார். இருமல் நன்றாக வந்தது. இரவில் கொஞ்சம் முனகல் சேர்த்தால் விடியும்போது காய்ச்சல் சரியாக இருக்கும்.

"கடைசியா ஒரு கேள்வி," என்றாள் மனைவி. குழந்தை அவள் மடியில் இருந்தது. "ஒரு வீட்டில் அ, ஆ, இ, ஈ என நால்வர் வசிக்கிறார்கள். நாளை காலை அ வெளியே போயாக வேண்டும். இ-யைத் தனியாக விட முடியாது. ஆ-வால் இ-யின் பின்னால் ஓட முடியாது. ஈ-க்கு அன்று விடுமுறை, வேறு வேலையும் இல்லை. எனில், இ-யைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் யார்?"

"ஈ." ஒரு நொடிகூட ஆகவில்லை. மெத்தையாருக்கே தன் வேகம் ஆச்சரியமாக இருந்தது.

"நல்லா யோசிச்சீங்களா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"ஈ மாட்டேன்னு சொன்னா?"

"எப்படிச் சொல்வான்? லீவு இருக்கு, வேலை இல்ல. சும்மா கிடக்கற தடியன். அவனை விட்டா வேற ஆளே இல்லையே. இதுக்குக்கூட அவனால முடியலைன்னா அந்த வீட்ல அவன் எதுக்கு இருக்கான்?"

"அதைத்தான் நானும் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கேன்," என்றாள் அம்மா.

"விடைய மாத்த வேண்டாமே?"

"என் விடைய நான் மாத்தறதா? எழுதிக்கோ. ஈ."

மனைவி எழுதிக்கொள்ளவில்லை. மெஷினின் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவரிடம் நீட்டினாள். மாலைக் கல்லூரியின் நுழைவுச்சீட்டு. அதில் அவள் படம் ஒட்டியிருந்தது. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெத்தையார் தாளைப் பார்த்தார். மடியிலிருந்த இ-யைப் பார்த்தார். முழங்கால் மடங்காத ஆ-வைப் பார்த்தார். கடைசியில் பார்க்க யாரும் மிச்சமில்லை.

"எனக்கும்தான நாளைக்குத் தேர்வு," என்றார். குரல் சோபாவுக்குள்ளிருந்து வந்தது.

"அப்படியா? அப்ப உங்க சீட்டைக் காட்டுங்க. ரெண்டு பேரும் சேந்தே போகலாம். எனக்குத் துணி குடுக்கற தையல் கடை அக்காவ கொஞ்ச நேரம் வந்து இருக்கச் சொல்றேன்."

மெத்தையார் இருமினார். இரண்டாவது தடவை இன்னும் ஆழமாக இருமினார். "எனக்கு என்னவோ உடம்பே சரியில்ல. காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு. நாளைக்கு என்னால வெளிய போக முடியும்னு தோணலை."

"அடடா," என்றாள் மனைவி. "அப்ப வீட்லதான இருப்பீங்க?"

மெத்தையார் கணக்குப் போட்டுப் பார்த்தார். சீட்டு இருந்தால் வெளியே போகலாம். சீட்டு இல்லை. காய்ச்சல் இருந்தால் வெளியே போக முடியாது. காய்ச்சல் இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் வீட்டுக்குள்ளேதான் வந்து நின்றது. இத்தனை நாள் படிப்பில் அவர் பிழையில்லாமல் போட்ட முதல் கணக்கு அது.

மறுநாள் காலை மனைவி போனாள். தெருமுனை திரும்பும் வரை திரும்பிப் பார்க்கவில்லை. மெத்தையார் குழந்தையை மார்பின் மேல் போட்டுக்கொண்டு படுத்துப் பார்த்தார். புத்தகம் இருந்த இடம்தான். ஆனால் புத்தகம் மூக்கைப் பிடித்து இழுத்ததில்லை. மீசையில் எச்சில் வடித்ததில்லை. குழந்தை சோபாவுக்கு அடியில் போனது, இவரும் போனார். குழந்தை வெளியே வந்துவிட்டது, இவருக்கு வர நேரமாயிற்று. அம்மா நாற்காலியில் இருந்தபடி இடப்பக்கம், வலப்பக்கம் என்று வழி சொன்னாள். மனைவி திரும்பி வந்தபோது குழந்தை விழித்திருந்தது. மெத்தையாருக்கு நிஜமாகவே காய்ச்சல்.

சில வாரத்தில் முடிவு வந்தது. அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. சொல்லிவிட்டு, எந்தக் கோளாறும் இல்லாத மெஷினுக்கு எண்ணெய் விட்டாள்.

மெத்தையார் சந்தோஷப்பட்டார். கடையிலும் சொன்னார். அவர் சொல்லிக்கொடுத்துத்தான் பாஸ் ஆனாள் என்றும் சொன்னார். வீட்டுக்கு வருகிற வழியில் திடீரென்று ஒன்று தோன்றியது. நடை வேகமாயிற்று. கை கழுவி, துண்டில் துடைத்து, கூடத்தின் நடுவில் வந்து நின்றார்.

"சந்தோஷம். தேர்வு ஒரு நாள் கூத்து, அது முடிஞ்சுது. ஆனா காலேஜு அப்படி இல்ல பாரு. வருஷம் பூரா, தினமும் சாயங்காலம் போகணும்." கொஞ்சம் நிறுத்தினார். "அப்ப குழந்தைய யாரு பாத்துக்கறது?"

மெஷின் நின்றது.

"ஈ," என்றாள் அம்மா, ஸ்வெட்டரிலிருந்து தலையைத் தூக்காமல்.