பாய்லரின் மாம்பழத் தயிர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை முழுக்கத் தேடினாலும் பொய் எழுதத் தெரியாத பேனா ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்கள் கேன்டீன் மாஸ்டர் ‘பாய்லர்’ காதில் செருகியிருக்கும்.

பதினைந்து வருஷம் பாய்லர் ஓட்டிவிட்டு, முட்டி வலி வந்ததால் சமையலுக்கு மாறியவர். வேலைதான் மாறியது, பழக்கம் மாறவில்லை. சாம்பாருக்கும் லாக் புக் எழுதுவார். “8.40 பருப்பு ஏற்றம். 9.05 கொதி. 9.20 உப்பு அதிகம், தவறு என்னுடையது.” அந்த உப்பு வரியையாவது அடித்துவிடும்படி மேனேஜரே கெஞ்சிப் பார்த்தார். “லாக்குல கை வெச்சா பாய்லர் வெடிச்சிடும் சார்” என்றுவிட்டார். அங்கே வெடிப்பதற்கு இருந்தது ஓர் இட்லிக் குண்டான் மட்டும்தான்.

நான் அப்போது பர்சனல் டிபார்ட்மென்டில் தற்காலிகம். என்னை நிரந்தரமாக்கும் கடிதம் கையெழுத்துக்காக மேனேஜர் மேஜையில் கிடந்தது. அந்த நேரம் பார்த்து, வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஓர் அம்மையார் தணிக்கைக்கு வந்தார். மத்தியானத்துக்குள் நாலு ரிஜிஸ்டர் காலியாக இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “கேன்டீனை நீங்க போய்ப் பாத்துக்குங்க. சாப்பாடாவது உருப்படியா இருக்கணும். பாயசத்துல சொதப்பினா உங்க லெட்டரை மறந்துடுங்க” என்றார்.

மறக்கிற ஆளா நான்? கேன்டீனுக்கு ஓடினேன். பாய்லர் கை கழுவப் போயிருந்தார். அடுப்பில் பால் தளதளவென்று கொதித்தது, பக்கத்தில் வெல்லப்பாகு. சீக்கிரம் ஆகட்டுமே என்று நானே தூக்கி ஊற்றினேன்.

நான் பார்க்கப் பார்க்கவே பால் திரிந்தது.

“இன்னா நைனா, பன்னீர் பண்ணிக்கினு கீறியா?” பின்னால் பாய்லர்.

“அண்ணே, இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு. ஆந்திரா பக்கம் ஓடிடட்டுமா?”

“ஓடு. போற வழில துன்ன மாம்பயம் வேணுமா?”

காலையில் ஆரம்பாக்கத்தில் வீட்டுக்கென்று வாங்கிவந்த பங்கனபள்ளிப் பையைத் தூக்கி மேஜையில் கொட்டினார். நறுக்கினார். கொஞ்சம் வெல்லம், ஏலக்காய், அடுப்பு. ஆறே நிமிஷத்தில் பழம் குழைந்து பளபளத்தது. கெட்டித் தயிர் தயாராக இருந்தது. நான் அவசரமாக வாணலியைத் தூக்கியதும் என் மணிக்கட்டில் கரண்டி விழுந்தது.

“காஞ்ச பாய்லர்ல பச்சத் தண்ணி வுட்டா இன்னா ஆவும்?”

“வெடிக்கும்.”

“தயிரு நீத்துப்பூடும். ஆற வை. நீயும் ஆறு.”

பழத்தைத் தாம்பாளத்தில் பரப்பி, என் வருகைப் பதிவேட்டாலேயே என்னை விசிற வைத்தார். அவ்வப்போது ஒரு கையால் தாம்பாளத்தின் அடியைத் தொட்டுப் பார்த்தார், மறு கையால் என் நெற்றியை. “பயம் ஆறிச்சு. உனுக்குத்தான் இன்னும் எறங்கல” என்று சொல்லிக்கொண்டே பழத்தைத் தயிரில் கலந்தார்.

அம்மையார் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். எப்படிச் செய்தது என்று கேட்டார். பாய்லர் லாக் புக்கை நீட்டினார்.

“இந்த ஃபேக்டரியில ஒழுங்கான ரிஜிஸ்டர் இது ஒண்ணுதான்” என்று அதை அப்படியே மேனேஜரிடம் கொடுத்தார் அம்மையார். மேனேஜர் வரிவரியாக வாசிக்க ஆரம்பித்ததும் நான் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தேன். தன் உப்பையே மறைக்காதவர் என் வெல்லத்தையா மறைக்கப்போகிறார்?

மேனேஜர் புத்தகத்தை மூடினார். அம்மையாரை வழியனுப்பப் போய்விட்டார். சாயங்காலம் கடிதம் கையெழுத்தாகி வந்தது.

மறுநாள் திருட்டுத்தனமாக அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். “12.10 பால் திரிந்தது. கொதியில் வெல்லம் ஊற்றியது தவறு. ஊற்றியவர்: நான்.”

இன்றும் வீட்டில் மாம்பழம் அடுப்பேறினால், தயிரில் சேர்க்குமுன் நன்றாக ஆறவிடுகிறேன். அந்தப் பேனா எழுதிய ஒரே பொய்யை நினைத்துக்கொள்ள அவ்வளவு நேரமாவது வேண்டியிருக்கிறது.