தீனதயாளனின் பயிற்சிப் பதிவேடு

வேலை செய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், செய்யாதவர்களையும் பார்த்திருப்பீர்கள். செய்ததாக எழுதிவைத்துவிட்டு நிம்மதியாக ஏப்பம் விடும் இன்னொரு ரகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ரிஷிவந்தியம் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த கல்யாண மண்டபத்தின் பாதுகாப்பு அதிகாரி தீனதயாளன் அதில் முதல் தரம்.

கட்டட ஆட்களுக்கு வாராவாரம் பாதுகாப்புப் பயிற்சி தர வேண்டும் என்பது உத்தரவு. அவரா குறைவைப்பார்? சாரத்தில் ஏறுவது எப்படி, தொங்குகிறவரை மீட்பது எப்படி என்று பதிவேட்டில் முத்துமுத்தாகத் தலைப்பு எழுதி, ஆட்களை வரிசையில் நிறுத்தி, இருக்கிற ஒரே ஹெல்மெட்டை ஒவ்வொரு தலையிலும் கவிழ்த்துப் படம் பிடித்து, கையெழுத்தும் வாங்கிவிடுவார். பயிற்சியா? அதுதான் கையெழுத்தாகிவிட்டதே!

"இன்னா சார் சொல்லிக் குடுத்தீங்க, கையெழுத்து கேக்கறீங்க?" என்றாள் சித்தாள் கொளஞ்சியம்மாள்.

"சந்தேகம் கேக்கறதும் ஒரு பயிற்சிதாம்மா. அதுக்கும் சேத்து ஒண்ணு போட்டுடு."

ஒருநாள் மேலிடம், உயரத்தில் நடக்கும் பயிற்சிக்குப் படம் கேட்டது. தீனதயாளனே சாரத்தில் ஏறினார். நெஞ்சை நிமிர்த்தி, "எடுய்யா!" என்றார். கீழே பாவாடை என்ற கொத்தனார் போனைத் தூக்கவும் மேலே பலகை சறுக்கவும் சரியாக இருந்தது. அதிகாரி சவுக்குக் கழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கினார்.

"காப்பாத்துங்கய்யா! போன வாரந்தான மீட்புப் பயிற்சி எடுத்தீங்க!"

"எங்க சார் எடுத்தோம்? கையெழுத்துதான் போட்டுக்கினு இருந்தோம்!" என்று கத்தினாள் கொளஞ்சியம்மாள்.

"படம் நல்லா வந்துகீது சார், எறங்கிடுங்க," என்றான் பாவாடை.

கை வழுக்கியது. தீனதயாளனுக்கு வாழ்க்கையில் முதன்முறையாக உண்மையான பயம் வந்தது. ஆளாளுக்கு மண்வெட்டியும் பாண்டுச் சட்டியுமாக ஓடி, கிடந்த மணலையெல்லாம் அவருக்குக் கீழே கொட்டிக் குவித்தார்கள்.

"உடுங்க சார் கைய!"

விட்டார். இடுப்புவரை மணலில் புதைந்தார். பிழைத்தார்.

"இனிமேனாச்சும் நெசமாவே சொல்லிக் குடுங்க சார். எங்களுக்கும் புள்ளகுட்டி கீது," என்றாள் கொளஞ்சியம்மாள், தண்ணீரை நீட்டிக்கொண்டே. அவர் கண் கலங்கத் தலையாட்டினார். பிறகு மணலை உதறிப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி எழுதினார்: 'உயரத்திலிருந்து விழுதல் – செயல்முறை விளக்கம். பயிற்றுநர்: தீனதயாளன்.'

"எல்லாரும் வரிசையா வாங்க."

சிரிக்கிறீர்களா? தாராளமாக. ஆனால் நேற்று உங்கள் போனில் ஏதோ முழ நீளத்துக்கு விரிந்ததே, அதன் அடியில் 'முழுவதும் படித்தேன், சம்மதம்' என்று அழுத்தினீர்களே – எத்தனை வரி படித்தீர்கள்?