கறுப்புச் சப்பாத்தும் பெல்லெக்ரீனோ மலையும்

அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலமை பெல்லெக்ரீனோ மலை ஏறி, உச்சிக் கோயிலில இருக்கிற சாந்தா ரோசலியா எண்ட புனிதையைக் கும்பிடவேணும். ஒரு மணிக்கு மலையடியில சின்யோரா வீட்டில, அதான் என்ர புது முதலாளியம்மா வீட்டில, விருந்துக்குச் சாப்பாடு பரிமாறவேணும். அவ்வளவுதான்.

நாலு மாசம் வேலையில்லாமல் அல்பெர்கேரியாப் பக்கம் வாடகை அறையில சுவரைப் பாத்துக்கொண்டிருந்து கிடைச்ச வேலை. முதல் நாள்.

"வேலை கிடைச்சால் வெறுங்காலோட ஏறுவன் எண்டு நேந்தனீங்களல்லோ. ஏறிப்போட்டு வேலைக்குப் போங்கோ" எண்டா என்ர மனுசி.

"கறுப்புச் சப்பாத்து இல்லாமல் என்ர மேசைக்குக் கிட்ட வரப்படாது" எண்டு சின்யோரா முதலே சொன்னவ. புதுசா ஒண்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டன்.

கோயிலுக்குப் போனால் சப்பாத்தை வெளியில விடுறது எங்கட பழக்கம். முழு மலையும் கோயில்தான் எண்டு என்ர மூளை முடிவெடுத்திட்டுது. அடிவாரத்தில ஒரு பைன் மரத்துக்குக் கீழ, சோடியா, வடிவா அடுக்கி வைச்சிட்டு ஏறினன்.

வழியில கண்ட எங்கட தமிழ்ச் சனமெல்லாம் சப்பாத்தைப் பையில போட்டுத் தூக்கிக்கொண்டு ஏறுதுகள். பாவம், பாரம் சுமக்குதுகள் எண்டு நினைச்சன்.

ஏறேக்க பக்தி இருந்தது. இறங்கேக்க கல்லு மட்டும்தான் இருந்தது.

மரத்தடியில சப்பாத்து இல்லை. பக்கத்தில ஒரு ஐயா குடும்பத்தோட இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார். கேட்டன்.

"ஓம், ஒருத்தர் வந்து போட்டுக்கொண்டு போனார். ஆறுதலா இருந்து நாடாவெல்லாம் கட்டினார். அவற்ர சப்பாத்து எண்டல்லோ நினைச்சன்" எண்டார். பிறகு ஒரு துண்டு இறைச்சி நீட்டினார். கவலையோட திண்டன்.

ஞாயிறில கடையும் பூட்டு. ஒரு மணிக்கு வெறுங்காலோட சின்யோரா வீட்டு மணியை அடிச்சன்.

அவ என்ர காலைப் பாத்தா. புழுதி, கொஞ்சம் ரத்தம்.

"சப்பாத்து எங்கை?"

"சாந்தா ரோசலியாவுக்கு வெறுங்காலோட மலை ஏறினன், சின்யோரா" எண்டன். அது உண்மைதானே. களவு போன கதையை விட்டிட்டன்.

சின்யோராவுக்குக் கண் கலங்கிட்டுது. விருந்தாளியளைக் கூப்பிட்டு என்ர காலைக் காட்டினா. அவையள் எழும்பி நிண்டு பாத்தினம். எனக்கு வெக்கமாப் போச்சு.

"எனக்கு முழங்கால் நோ. நானும் நேந்தனான், ஏற ஏலாமல் கிடக்கு. எனக்காக நீ ஏறுவியே? ஒவ்வொரு ஞாயிறும்?"

முதல் நாளே ஆர் மாட்டன் எண்டு சொல்லுறது? ஓம் எண்டன்.

ரெண்டு வருசம் ஏறினன். சின்யோராவுக்கு முழங்கால் சுகமாயிட்டுது. எனக்கு ரெண்டும் போயிட்டுது.